"என் போன், என் இஷ்டம்" என்பது சரியா?



செல்போனைப்பற்றி அபிப்பிராயம் சொல்லாத மனிதரை இன்று காண்பது அரிது. பஸ்ஸிலும், ரேஷன் கடை வாசலிலும், கலியாணப் பந்தியிலும் அதே பேச்சுத்தான். ஆளுக்கொரு விதமாய்ப் பேசினாலும், அந்தப் பேச்சையெல்லாம் வடிகட்டிப் பார்த்தால் மூன்று அபிப்பிராயங்கள் மிஞ்சுகின்றன. அவையாவன:

1. "மறைக்க எனக்கு ஒன்றுமில்லை, யார் பார்த்தால் என்ன?"

2. "என் போன், என் இஷ்டம், என் சுதந்திரத்தில் யாரும் தலையிடவேண்டாம்."

3. "காலம் இப்படி ஆகிவிட்டது; இனி யாராலும் தடுக்க முடியாது."

இம்மூன்றும் பார்வைக்கு நியாயமாகவே தோன்றுகின்றன. நல்லவர்களே இவற்றைச் சொல்லுகிறார்கள். ஆயினும் இவற்றை அப்படியே நம்பி நடந்ததால் பெருந்துன்பத்தில் விழுந்த குடும்பங்கள் உண்டு. ஆகையால் இந்த வாரம் அவற்றை ஒவ்வொன்றாய் எடுத்து, எவ்வளவு உண்மை, எவ்வளவு பிழை என்று நிதானமாய் ஆராய்வோம்.

போனுக்குள் இருப்பது யாருடையது?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளவேண்டும். செல்போன் நாம் காசு கொடுத்து வாங்கிய பொருள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்குள் இருக்கும் யாவும் நம்முடையவைதானா?

ஒரு தாயாருடைய செல்போனை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அதில் 300 பேருடைய நம்பர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுள் உறவினர் உண்டு, அன்பியத்துப் பெண்கள் உண்டு, பிள்ளைகளின் ஆசிரியை உண்டு, பால்காரர் உண்டு. நாத்தனார் மகளுக்கு வரன் பார்ப்பதற்காக வந்த போட்டோ ஒன்று இருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மாள் தன் வியாதியைப்பற்றி, "உங்களிடம் மட்டும் சொல்லுகிறேன்" என்று பேசி அனுப்பிய செய்தி ஒன்று இருக்கிறது. தம்பி தன் பாங்க் பாஸ்புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்பியதும் இருக்கிறது. இவற்றில் எது அந்தத் தாயாருக்குச் சொந்தம்?

அடுத்த வீட்டார் ஊருக்குப் போகும்போது தங்கள் நகைப்பெட்டியை நம் பீரோவில் வைத்துவிட்டுப் போகிறார்கள். "பீரோ என்னுடையது, சாவியும் என்னுடையது, ஆகவே யாருக்கு வேண்டுமானாலும் திறந்து காட்டுவேன்" என்று நாம் சொல்லுவோமா? சொல்லமாட்டோம். நம் சொந்த நகையைவிட அதைத்தான் அதிக ஜாக்கிரதையாய்ப் பூட்டுவோம். ஏனெனில் அது அடைக்கலப் பொருள். செல்போனில் இருக்கும் பிறர் நம்பரும், பிறர் படமும், பிறர் சொன்ன இரகசியமும் அடைக்கலப் பொருளே. இன்றைய பாடம் முழுவதும் இந்த ஒரு வார்த்தையில் அடங்கியிருக்கிறது.

அனுமதி கொடுப்பது எப்படி நடக்கிறது?

செல்போனில் புதிதாக ஒரு செயலியை, அதாவது 'ஆப்' என்பதை, ஏற்றும்போது அது நம்மிடம் சில கேள்விகள் கேட்கிறது. "உங்கள் தொடர்பு எண்களைப் பார்க்கலாமா? படங்களைப் பார்க்கலாமா? நீங்கள் இருக்குமிடத்தை அறியலாமா? மைக்கைப் பயன்படுத்தலாமா?" என்பவை அந்தக் கேள்விகள். முன்பெல்லாம் ஆண்ட்ராய்டு போன்களில் இவை யாவும் மொத்தமாய் ஒரே பட்டியலில் வரும். ஒப்புக்கொண்டால்தான் செயலி ஏறும். 2015ம் ஆண்டில் வெளிவந்த ஆண்ட்ராய்டு 6ம் பதிப்பு முதல் ஒவ்வொன்றாய்க் கேட்கிறது. ஒன்றுக்குச் சரி என்றும் மற்றொன்றுக்கு வேண்டாம் என்றும் சொல்ல நமக்கு வழி உண்டு. முன்பு கொடுத்ததைப் பின்னால் செட்டிங்ஸில் போய் நிறுத்தவும் செய்யலாம்.

ஆனால் நம்மில் அநேகர் என்ன செய்கிறோம்? கேள்வியை வாசிக்காமலே 'சரி, சரி' என்று அழுத்திக்கொண்டே போகிறோம். 'தொடர்பு எண்கள்' என்ற இடத்தில் ஒரு தரம் அழுத்தினால் போதும். 300 பேருடைய பெயரும் நம்பரும் ஒரு நொடியில் வேறொருவன் கைக்குப் போய்விடலாம். பிறகு பயந்து அந்தச் செயலியை நீக்கினாலும், அவன் எடுத்துக்கொண்ட நகல் அவனிடமே இருக்கும். அந்த 300 பேரில் ஒருவரிடமாவது நாம் உத்தரவு கேட்டோமா?

கடன் செயலிகள் கற்றுத்தந்த பாடம்

இது வெறும் கற்பனைப் பயமல்ல. 2020ம் ஆண்டில் கொரோனா ஊரடங்கினால் கூலியும் வியாபாரமும் நின்றுபோன காலத்தில், "ஐந்து நிமிஷத்தில் கடன், ஜாமீன் வேண்டாம், கையெழுத்து வேண்டாம்" என்று ஆசை காட்டும் செயலிகள் நம் நாட்டில் பெருகின. அந்த வருஷம் டிசம்பர் 23ந் தேதி, இப்படிப்பட்டவற்றிடம் ஏமாறவேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே பொதுமக்களை எச்சரித்தது. பின்னர் அது நியமித்த குழுவொன்று, 2021 ஜனவரி, பிப்ரவரி ஆகிய இரண்டு மாதங்களில் ஆராய்ந்தபோது, சுமார் 1,100 கடன் செயலிகள் இந்தியரின் கைக்கு எட்டும்படி இருந்ததையும், அவற்றில் சுமார் 600 சட்டவிரோதமானவை என்பதையும் கண்டது.

அவை வேலைசெய்த விதம் இது. அவசரத்தில் இருக்கும் ஒருவர் 5,000 ரூபாய் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'செலவு' என்று சொல்லி 1,500 ரூபாயை முன்னதாகவே பிடித்துக்கொண்டு 3,500 ரூபாய் தருகிறான். ஏழாம் நாள் 5,000 ரூபாயைத் திருப்பிக் கட்டவேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 3,500 ரூபாய்க்கு ஒரே வாரத்தில் 1,500 ரூபாய் வட்டி, அதாவது வாரத்துக்கு நூற்றுக்கு 43 வீதம்! மணி வட்டி, மீட்டர் வட்டி, கந்து வட்டி, தண்டல் என்பவற்றைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ம் ஆண்டிலேயே சட்டம் செய்தார்கள். பழைய கந்துவட்டிக்காரன் வீட்டு வாசலில் வந்து நின்றான். இவனோ நம் சட்டைப்பைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டான். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆனால் வட்டியைவிடக் கொடிய காரியம் வேறொன்று உண்டு. கடன் வாங்கிய அன்று 'சரி' என்று அழுத்திய அனுமதியைக்கொண்டு, அவருடைய தொடர்பு எண்கள் முழுவதையும் அந்தச் செயலி எடுத்து வைத்திருந்தது. ஒரு நாள் தவணை தப்பியதும் அவருடைய மாமனாருக்கும், முதலாளிக்கும், தங்கையின் சிநேகிதிக்கும் போன் போயிற்று. "உங்களுக்குத் தெரிந்த இன்னார் ஒரு மோசக்காரர், நீங்கள்தான் ஜாமீன்" என்று மிரட்டினார்கள். படங்களை ஆபாசமாய் மாற்றிச் சுற்றத்தாருக்கு அனுப்பிய கொடுமையும் நடந்தது. சில ஆயிரம் ரூபாய்க் கடனுக்காக ஊரார்முன் தலை குனிய நேர்ந்ததைத் தாங்கமாட்டாமல் உயிரை விட்டவர்கள் உண்டு என்பதை மிகுந்த துக்கத்தோடு சொல்லவேண்டியிருக்கிறது.

இங்கே கவனிக்கவேண்டியது யாதெனில், அந்தத் தங்கையின் சிநேகிதி கடன் வாங்கவில்லை, எந்தச் செயலியையும் ஏற்றவில்லை, எதற்கும் சம்மதிக்கவில்லை. அவள் நம்பர் இன்னொருவர் போனில் இருந்தது. அதுவே அவள் செய்த குற்றம்!

முதல் அபிப்பிராயம்: "மறைக்க ஒன்றுமில்லை"

இப்பொழுது முதல் அபிப்பிராயத்துக்கு வருவோம். மறைப்பது வேறு, காப்பது வேறு. முன்னாட்களில் நம் வீட்டுக் காரியங்களைத் தபால் கார்டில் எழுதாமல், கூடுதல் காசு கொடுத்து இன்லண்ட் லெட்டர் வாங்கி எழுதி ஒட்டி அனுப்பினோமே. அதில் என்ன குற்றத்தை மறைத்தோம்? "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பணம் ஐம்பது அனுப்பு" என்பதுதான் அதில் இருந்தது. குற்றமில்லாத காரியமும் எல்லார் கண்ணுக்கும் உரியதல்ல. குளிக்கும் அறைக்குக் கதவு வைக்கிறோம்; வைத்தியரிடம் தனியாய்ப் பேசுகிறோம். இது கள்ளத்தனமல்ல, மானம், மரியாதை.

நம் நாட்டின் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியிருக்கிறது. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி என்பவர் தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24ந் தேதி ஒன்பது நீதிபதிகள் ஏகமனதாய்த் தீர்ப்புச் சொன்னார்கள். அந்தரங்கம் என்பது அரசியல் சட்டத்தின் 21ம் பிரிவு தரும் உயிர், சுதந்திரம் ஆகிய உரிமைகளைச் சேர்ந்தது என்பது அத்தீர்ப்பு. அந்தரங்கம் பணக்காரர் கவலை, ஏழைக்கு அது எதற்கு என்ற வாதமும் அங்கே எழுந்தது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஏற்காதது நியாயமே. கடன் செயலியிடம் அகப்பட்டுத் தவித்தவர்களில் கூலிக்காரரும், சிறு சம்பளக்காரரும், வேலை இழந்தவரும் எத்தனை பேர்! பணக்காரன் வீட்டுக்குச் சுற்றுச்சுவர் உண்டு. ஏழைக்கு அவன் நற்பெயர்தான் சுவர்.

மேலும், "எனக்கு மறைக்க ஒன்றுமில்லை" என்று சொல்லுகிறவர் தமக்காக மட்டுமே அப்படிச் சொல்லலாம். தம் போனில் இருக்கும் 300 பேருக்காகவும் அதைச் சொல்ல அவருக்கு அதிகாரமில்லை.

இரண்டாம் அபிப்பிராயம்: "என் இஷ்டம்"

சுதந்திரம் நல்லது, மனிதனுக்கு அழகு தருவது. ஆனால் நம் சுதந்திரம் நமக்குச் சொந்தமானவற்றின்மேல் செல்லுமேயன்றி, அடைக்கலப் பொருளின்மேல் செல்லாது.

ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருக்கும் பெரியவரைப் படமெடுத்து, "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று ஸ்டேட்டஸ் போடுகிறோம். நோக்கம் நல்லதே. ஆனால் வாழ்நாள் முழுவதும் வெள்ளை வேஷ்டி கசங்காமல் நடந்த அந்தப் பெரியவர், தம்மை அந்தக் கோலத்தில் நானூறு பேர் பார்ப்பதற்குச் சம்மதித்தாரா? படம் இல்லாமலும் ஜெபம் கேட்கலாமே. பரீட்சையில் தவறிய பிள்ளையின் மார்க்கைக் குடும்பக் குழுவில் போடுவதும், பள்ளிச் சீருடையில், பள்ளியின் பெயர் தெரிய, பெண் குழந்தையின் படத்தை ஊருக்கெல்லாம் அனுப்புவதும் இத்தகையவையே.

"சட்டம் இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. தனிப்பட்ட தகவல்களைக் காக்க 2023ம் ஆண்டில் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. 2025 நவம்பரில் அதன் விதிகளும் வெளியாயின. ஒருவருடைய சம்மதம் கட்டாயமின்றியும், விஷயம் இன்னதென்று தெரிந்தும் பெறப்படவேண்டும், கொடுத்த சம்மதத்தை எளிதாய்த் திரும்பப் பெறவும் வழி வேண்டும், 18 வயது நிரம்பாத பிள்ளைக்காகப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்பவை அதன் முக்கியமான அம்சங்கள். ஆனால் ஒருவர் தம் சொந்தக் காரியத்துக்கோ வீட்டுக் காரியத்துக்கோ பிறர் தகவலைக் கையாளுவதை அந்தச் சட்டம் தொடுவதில்லை. ஆகவே குடும்பக் குழுவில் நாம் போடும் படத்துக்கு அந்தச் சட்டத்தில் காவல் இல்லை. நம் மனச்சாட்சிதான் அங்கே காவல்.

வந்ததையெல்லாம் யோசியாமல் பிறருக்குத் தள்ளிவிடுவதும் 'என் இஷ்டம்' என்பதில் சேர்ந்ததே. 2018ம் ஆண்டில், பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற புரளி வாட்ஸ்அப் மூலம் பல மாநிலங்களில் பரவியது. அந்த மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே, கோவிலுக்காகச் சென்னையிலிருந்து உறவினரோடு போன முதியவள் ஒருத்தி, வழியில் கண்ட குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தாள். பிள்ளை பிடிப்பவள் என்று சந்தேகித்து ஜனங்கள் அவளை அடித்தே கொன்றார்கள். புரளியை அனுப்பினவர்களில் அநேகர் கெட்டவர்களல்ல. "எதற்கும் நாலு பேருக்குத் தெரியட்டும்" என்று நினைத்த தாய்தகப்பன்மார்களே. பிறர் பெயரைக் கெடுத்தவன், திருடியவனைப்போல, ஈடு செய்யக் கடமைப்பட்டவன் என்று ஞானோபதேச வகுப்பில் படித்தோம் அல்லவா? திருடிய பணத்தைத் திருப்பித் தரலாம். அனுப்பிய புரளியை எங்கே போய்த் திரும்ப வாங்குவது?

மூன்றாம் அபிப்பிராயம்: "தடுக்க முடியாது"

இது சோர்வினால் வரும் பேச்சு. உண்மையோ வேறு. மேற்சொன்ன கொலைகளுக்குப்பின், 2018 ஜூலையில், ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து இடங்களுக்குமேல் தள்ளமுடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு செய்தது. கடன் செயலிகள் தொடர்பு எண்களையும், படங்களையும், பேசின அழைப்புகளின் பட்டியலையும் தொடக்கூடாதென்று 2022 செப்டம்பர் 2ந் தேதி ரிசர்வ் வங்கி விதித்தது. 2023ம் ஆண்டில் கூகுளும் தன் செயலிக் கடையில் அவ்வாறே தடை செய்தது. 2025 ஏப்ரலில், இணையவழிக் கடனையும் உட்படுத்தி, கட்டாய வசூலைத் தடுக்கும் மசோதாவைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது. துன்பப்பட்டவர்கள் வெட்கத்தை விட்டுப் புகார் சொன்னார்கள்; மற்றவர்கள் கேட்டார்கள்; அதனால் இவை நடந்தன. இயந்திரத்தின் சுபாவம் மழையையும் வெயிலையும்போல் தானாய் வந்ததல்ல, மனிதர் அமைத்தது. மனிதர் அமைத்ததை மனிதர் திருத்தலாம்.

ஒரு சந்தேகம்: பிள்ளைகளின் போனைப் பார்க்கலாமா?

"அப்படியானால் பிள்ளைகளின் போனை நாங்கள் பார்க்கக்கூடாதா?" என்று பெற்றோர் கேட்கலாம். சிறு பிள்ளையைக் காப்பது பெற்றோரின் உரிமை மட்டுமல்ல, கடமை. ஆனால் அதை ஒளிந்துநின்று செய்யவேண்டாம். "இந்த வயதுவரை நானும் பார்ப்பேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிள்ளை வளர வளரக் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாய்த் தளர்த்துங்கள். பிள்ளையின் தோழி எழுதிய இரகசியம் கண்ணில் பட்டால், ஆபத்தான காரியமாய் இருந்தாலன்றி, அதை வெளியே சொல்லாதிருங்கள். அதுவும் அடைக்கலப் பொருளே. பிறர் அந்தரங்கத்தை மதிக்கும் பெற்றோரைக் கண்டு வளரும் பிள்ளை, தானும் பிறரை மதிக்கும்.

இந்த வாரம் செய்யவேண்டியவை

1. குடும்பமாய் உட்கார்ந்து ஒவ்வொருவர் போனிலும் செட்டிங்ஸைத் திறந்து, எந்தெந்தச் செயலிக்குத் தொடர்பு எண்களும் படங்களும் திறந்திருக்கின்றன என்று பாருங்கள். விளையாட்டுக்கும் டார்ச் விளக்குக்கும் நம் உறவினர் நம்பர் எதற்கு? தேவையற்றதை நிறுத்துங்கள். பெரியவர்களுக்குப் பிள்ளைகள் பொறுமையாய்ச் செய்து கொடுக்கட்டும்.

2. பிறர் படத்தைப் போடுமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். நோயாளி, குழந்தை, இறந்தவர் ஆகியோர் விஷயத்தில் இரட்டிப்பு ஜாக்கிரதை வேண்டும்.

3. கோபமோ பயமோ உண்டாக்கும் செய்தி வந்தால், அன்றைக்கு அதை அனுப்பாதிருங்கள். மறுநாளும் உண்மையென்று தெரிந்தால் அப்போது யோசிக்கலாம்.

4. செயலி மூலம் கடன் வாங்குமுன், எந்த வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் சார்பில் அது தரப்படுகிறது என்று பாருங்கள். அனுமதி பெற்ற நிறுவனங்கள் உபயோகிக்கும் செயலிகளின் பட்டியல் 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் இருக்கிறது. வருஷ வட்டி வீதம் எவ்வளவு என்று எழுத்தில் தரவேண்டியது அவர்கள் கடமை. தொடர்பு எண்களைக் கேட்கும் கடன் செயலியை அந்த நிமிஷமே விலக்குங்கள்.

5. ஏற்கனவே யாராவது அகப்பட்டு மிரட்டப்பட்டால், 1930 என்ற நம்பருக்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம். வந்த செய்திகளை அழித்துவிடாமல் சாட்சியமாக வைத்திருங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் போனுக்கு, உங்களுக்குத் தெரிந்த ஒருவரைப்பற்றி, "இவர் கடன்காரர், மோசக்காரர்" என்று முன்பின் தெரியாத இடத்திலிருந்து ஒரு செய்தியோ, அவமானமான படமோ வரலாம். அதை இன்னொருவருக்குக் காட்டாதீர்கள். உடனே அழைத்து, "நான் இதை நம்பவில்லை, நீ பயப்படாதே, என்ன நடந்தது என்று சொல்லு" என்று பேசுங்கள். மிரட்டுகிறவனுடைய பலமெல்லாம் நாம் இகழ்ந்து பேசுவோம் என்ற நம்பிக்கையில்தான் இருக்கிறது. நாம் இகழாவிட்டால் அவன் ஆயுதம் முறிந்துபோகும்; ஒரு குடும்பம் பிழைக்கும். பணமுடை வெட்கப்படத்தக்க காரியமல்ல. அப்படி நெருக்கடியில் இருப்பவர்கள், முகமறியாத செயலியைத் தேடுமுன், நம் பங்கு இல்லத்துக் கதவைத் தட்டலாம்; அங்கே சொன்னது வெளியே போகாது.

குடும்பத்தில் கலந்து பேச:

வினா: அடைக்கலப் பொருள் என்றால் என்ன? நம் போனில் அப்படிப்பட்டவை எவை?

வினா: மறைப்பதற்கும் காப்பதற்கும் என்ன வித்தியாசம்?

வினா: நம் வீட்டாரில் ஒருவரைப்பற்றி வந்த தவறான செய்தியை, ஊரார் எப்படி நடத்தவேண்டும் என்று விரும்புவோம்? அப்படியே நாமும் பிறர் விஷயத்தில் நடக்கிறோமா?